பொறுப்பேற்புக் கடிதம்

முதுகு சாய்க்கக்கூடிய ஒரே நாற்காலியில் அப்பா. கட்டிலின் கால்மாட்டில், மடியில் தோல்பையோடு மாமா. சமையலறை வாசற்படியில் அம்மா, முன்னால் முறத்தில் பூண்டு. ஜன்னலை ஒட்டி, தையல் மிஷினுக்குப் போட்ட முக்காலியில் சின்னவள். மேசை மின்விசிறிக்கு நேர் எதிரே, தரையில் காலை நீட்டிப் பெரியவள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் லீவு கேட்டு, ஒரு நாள் வாங்கி, விடிந்ததும் பஸ் ஏறி வந்திருந்தாள்.

நடுவில் ஸ்டூல் மேல் கல்லூரியிலிருந்து வந்த தாள் இருந்தது. சின்னவளுக்கு நர்சிங் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பெரியவள் படிக்க வாங்கிய கடனே இன்னும் பாக்கி நிற்பதால் இந்த வீட்டுக்கு வங்கி இனிக் கடன் தராது. ஆனால் கல்லூரியே தவணைக்கு விடுகிறது. சம்பாதிக்கும் ஒருவர் பொறுப்பேற்று, தன் மாத வருமானம் இருபதாயிரத்துக்குக் குறையாது என்று கைப்பட எழுதிக் கையெழுத்திட்டால் போதும். தவணை தவறினால் அவருடைய சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். கடிதம் இன்றைய தபாலில் போயாக வேண்டும்.

"இருபத்திரண்டு வாங்குற பொண்ண வீட்டுல வச்சிக்கிட்டு என்ன யோசனை?" என்றார் மாமா. லாரி ஆபீசில் கணக்கு எழுதுபவர். அடுத்தவர் வருமானமெல்லாம் அவருக்கு மனப்பாடம். "ரெண்டு நர்சு. வீட்டுலயே ஆஸ்பத்திரி தொறந்துடலாம். நாந்தான் முதல் பேஷண்ட். சுகர், பிரஷர் எல்லாம் ரெடியா வச்சிருக்கேன்."

அப்பா சிரித்தார். பெரியவளுக்கு அந்த இருபத்திரண்டு எங்கிருந்து வந்தது என்பது நன்றாக நினைவிருந்தது. பட்டம் கொடுத்த மேடையில் கல்லூரி முதல்வர் சொன்ன எண் அது. வேலையில் சேர்ந்த முதல் மாதம் அப்பா பஸ் டிப்போவில் இருந்து போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, கூட வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் கேட்கும்படி, "எவ்வளவும்மா கைக்கு வந்துச்சு?" என்றார். கையில் அப்போது ஒன்பதாயிரம் இருந்தது. வாயில் இருபத்திரண்டு வந்தது. அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் வாராந்திர ஓய்வு நாளிலும் படுக்கையில் கிடப்பவர்களின் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு வீட்டுக்குப் பணம் அனுப்பினாள். நாலு வருஷமாயிற்று. கடனிலும் அப்படி ஒரு கோளாறு. படித்து முடித்துக் கட்டினால் போதும் என்று வங்கியில் சொன்னதை, அதுவரை வட்டியும் கிடையாது என்று எடுத்துக்கொண்டு, வீடே நிம்மதியாகத் தூங்கியது. விழித்தபோது கடன் ஒன்றரை மடங்காகியிருந்தது.

பெரியவள் கைப்பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளிப் படித்தார். பிடித்தங்கள்: ஹாஸ்டல், சாப்பாடு, சீருடை, பாண்டு என்று நடுவில் வேலையை விடாமலிருக்கப் பிடித்து வைக்கும் வைப்புத்தொகை. கடைசி வரியில் விரல் நின்றது.

"பதினாலா? இது பாதி மாசத்துக்கா?"

"முழு மாசம்பா."

"அப்ப இருபத்திரண்டு?"

"அது நான் சொன்னது. நான் வாங்கினது இல்ல."

அம்மாவின் கை பூண்டில் நின்றது. சின்னவள் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பஜார் துணிக்கடையில இவள பில் போடக் கூப்பிட்டாங்கல்ல," என்றாள் பெரியவள். "பதிமூணு தராங்க. கடன் இல்ல, பாண்டு இல்ல. நாலு வருஷம் படிச்சு, கடன் வாங்கி, நான் அங்க பில் போடுறவள விட ஆயிரம் ரூபா கூட வாங்குறேன். அதையும் வட்டி தின்னுடுது."

அப்பா சீட்டை நாலாக மடித்தார். மடித்ததை இன்னும் ஒருமுறை மடித்தார். "தங்கச்சிக்குச் செய்யணும்னதும் சம்பளம் கொறைஞ்சிடுச்சா?"

"அப்பா!"

"இல்லம்மா, கேக்குறேன். நாலு வருஷம் சொல்லல. இன்னைக்குத்தான் வாய் வந்துச்சா?"

மாமா தொண்டையைச் செருமினார். "சரி, விடுங்க மச்சான். பெரியவளே, எங்ககிட்ட நாலு வருஷமா சொன்னத காலேஜுக்கு ஒரே ஒரு தடவ எழுது. அவன் என்ன வீட்டுக்கு வந்து உண்டியல ஒடைச்சா பாக்கப் போறான்?"

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். "நீ சொல்லுடி."

"நான் என்னக்கா சொல்றது," என்றாள் சின்னவள். "நீ சீருடை போட்டுக்கிட்டு வர்றப்ப தெருவே எந்திரிச்சு வழி விடுது. எனக்குத் துணிக்கடை வேணாம்."

"வழி விடுறவன் தவணை கட்டுவானாடி?"

சின்னவள் அழவில்லை. அழுதிருந்தால் பெரியவளுக்கு முடியாது என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

பெரியவள் எழுந்து மேசை முன் உட்கார்ந்தாள். இந்த வீட்டின் கடிதங்களெல்லாம் அவள் எழுதியவைதான். ரேஷன் அட்டை, மின் மீட்டர், கடன் மனு, எல்லாம். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, பொருள். பள்ளியில் சொல்லிக் கொடுத்த ஒழுங்கில் பேனா தானாக நகர்ந்தது. "மேற்படி மாணவியின் உடன்பிறந்த சகோதரியாகிய நான்" வரை வந்தது. "எனது மாத வருமானம்" என்று எழுதி நின்றது. பதினாலு என்று எழுதினால் சின்னவள் வாழ்நாளெல்லாம் 'அக்கா கெடுத்தாள்' என்பாள். இருபத்திரண்டு என்று எழுதினால் இன்னொரு நாலு வருஷம், அதற்குமேல் இன்னொரு கடன், ஓய்வு நாளே இல்லாத இன்னொருத்தி. இரண்டு விரல் அகலம் இடம் விட்டு, மிச்சத்தை எழுதி முடித்தாள். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள. கையெழுத்தும் போட்டாள்.

தபால் நிலையத்துக்குச் சின்னவளை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். கவுன்டரில் கயிறு கட்டிய பேனா ஒன்று கிடந்தது. பக்கத்தில் பசைக் கிண்ணம். பெரியவள் கடிதத்தை விரித்து வைத்து, அந்த இடத்தைக் காட்டினாள்.

"நீயே எழுது."

"நானா? எவ்வளவுன்னுக்கா?"

"வாங்குறது பதினாலு. அவங்க கேக்குறது இருபது. எது எழுதினாலும் கையெழுத்து என்னுது. நாளைக்கு ஏன் எழுதினேன்னு உன்ன கேக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்று, சுவரில் ஒட்டியிருந்த தபால் கட்டணப் பட்டியலை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஓரக்கண்ணில் தங்கையின் இடது கை மட்டும் தெரிந்தது. பரீட்சையில் பக்கத்தில் இருப்பவள் பார்க்காமல் மறைப்பதுபோல் அது தாளின் மேல் கவிழ்ந்திருந்தது. பிறகு பேனா கீறியது, மிகச் சிறிதாக.

சின்னவள் கடிதத்தை மடித்து உறையில் போட்டாள். கிண்ணத்தில் விரலை விட்டு, விளிம்பு முழுக்கப் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தினாள். அழுத்திய கையை எடுக்கவில்லை.

"குடும்மா, பை கட்டப் போறோம்," என்றார் கவுன்டர்க்காரர்.

அவள் கொடுத்தாள். அவர் முத்திரையை இரண்டு முறை குத்தி, உறையைப் பார்க்காமலே பின்னால் திறந்து கிடந்த சாக்குக்குள் எறிந்தார்.