நாலாவது தட்டு

கட்டியிருந்த பாடையின் மேல் மாலையைப் போடக் குனிந்த பவதாரிணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நேற்றைய ரோஜா அழுகி, ஊதுபத்திப் புகையிலும் சாராய வாடையிலும் ஊறிப் பந்தலையே நாறடித்தது. அப்பாவின் மூக்கில் வைத்த பஞ்சின் மேல் ஈ ஒன்று உட்கார்ந்து எழுந்தது.

"ஆத்தா, கம்பைப் பிடி. தூக்கப் போறோம்" என்றார் சித்தப்பா வெள்ளைத்துரை. அவர் வாய் நெடிக்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா வீரணன் வாடிப்பட்டியில் லோடு வேன் ஓட்டியவர். ஆனால் எழுமலை வரைக்கும் போய் விசாரித்தாலும் சிலம்பக்காரர் என்றால்தான் தெரியும். கம்பு ஆடுகிறவர் செத்தால், அவர் பெற்ற பிள்ளை பாடைக்கு முன்னால் முதல் கம்பு சுற்ற வேண்டும், பிறகுதான் மற்றவர்கள். வீரணனுக்கு ஒரே மகள். கம்பு தெரிந்த மகள். அதில் ஊருக்கே பெருமை.

"ஒங்கப்பன் கை என்னா கை! தாளம் பிசகாத கையில்ல அது!" என்றார் ஒரு கிழவர்.

"பேசிக்கிட்டே அடிப்பாருப்பா. அடி மட்டும் தட்டோட தட்டா விழும்" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

பறையடிக்கும் கருப்பு, வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சி எடுத்து, அப்பாவுக்குப் பிடித்த அடியைத் தொடங்கினார். மூன்று தட்டுக்குக் கால் மாற வேண்டும், நாலாவது தட்டில் கம்பு இறங்க வேண்டும். அதுதான் முதல் பாடம். பறை இல்லாத நாளில் அப்பா விரலால் எதன் மீதாவது தட்டுவார்.

பவதாரிணி அப்போதுதான் அம்மாவைக் கவனித்தாள். தங்கப்பொண்ணு தலைமாட்டில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் பொட்டு நீர் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று; நாலாவது தட்டு விழும் முன்பே அவளுடைய இடது தோள் காதுவரை ஏறி, கழுத்து உள்ளே போயிற்று. மறுபடியும் மூன்று தட்டு. மறுபடியும் தோள்.

"அழுதுரு மதினி, உள்ளுக்குள்ளயே வச்சுக் குலுங்காத" என்று ஒருத்தி முதுகைத் தடவினாள்.

குலுக்கமில்லை அது. பவதாரிணிக்குத் தெரியும். அடுப்படிக் கதவு நிலையில் அப்பாவின் விரல் மூன்று முறை தட்டும். நாலாவதுக்குக் கதவுக்குப் பின்னால் கை இறங்கும். அம்மா சத்தம் போடமாட்டாள். முற்றத்தில் கம்போடு நிற்கும் மகளுக்கு உள்ளேயிருந்தே அப்பா குரல் கொடுப்பார்: "காலு பிந்துது பாரு. தட்டோட மிதி."

இப்போதும் சேலைக்குள் பவதாரிணியின் கால் பறைக்குத் தானாக மாறிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன் காலே அருவருத்தது. விரல்களைத் தரையில் அழுத்தி நிறுத்தினாள்.

சித்தப்பா கம்பைக் கையில் திணித்தார். பிடிக்கும் இடம் அப்பாவின் வியர்வை ஏறிக் கறுத்து, பிசுபிசுவென்றிருந்தது. அவள் அதைத் தரையில் போட்டுவிட்டு உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள்.

"நான் ஆடல சித்தப்பா."

"கிறுக்கி! அம்புட்டுப் பேரும் வந்து நிக்கிறாக. ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும்."

அவள் நேராகக் கருப்பிடம் போனாள்.

"நிப்பாட்டுங்கண்ணே."

"என்னா பாப்பா, ஒங்கப்பாவுக்கு உசுரான அடியாச்சே இது."

"அதுக்குத்தான் சொல்றேன். நிப்பாட்டுங்க."

அவர் கை நிற்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. பவதாரிணி பறைத் தோலின் மேல் உள்ளங்கையை அகல விரித்து வைத்தாள். தோல் இன்னும் சுட்டது. ஓங்கிய குச்சி காற்றிலேயே நின்றுவிட்டது.

"ஆத்திரத்துல இருக்கா, விடுங்கப்பா. நேரமாச்சு, தூக்கு" என்று யாரோ சொன்னார்கள். பாடை எழுந்து வாசலைத் தாண்டியது. தெருவில் கால்கள் ஆளுக்கொரு விதமாகத் தேய்ந்துகொண்டு போயின.

அம்மாவின் தோள் மட்டும், விழாத நாலாவது தட்டுக்காக ஏறியபடியே காத்துக்கொண்டிருந்தது. வெகு நேரம் கழித்து, ஒரு பக்கமாக, மெல்ல இறங்கியது. மடக்கியிருந்த கால்கள் இரண்டையும் பாடை கிடந்த இடத்துக்குள்ளேயே நீட்டிப் போட்டாள்.

"கொஞ்சம் தண்ணி குடு" என்றாள்.