மாடர்ன் வீட்டுக் குடும்பப் படம்

லேகா புடவை மடிப்பில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோது மாமியார் சரோஜம் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“மக்கா, தாலி கெட்டும்போ நீ மேடைக்கு வரண்டாம். பந்தியில இலை போடுத காரியத்தப் பாத்துக்கோ. நமக்கு ஒண்ணுமில்ல, பெண்ணுவீட்டுக்காரங்க வல்லதும் குத்தம் சொல்லுவினும்.”

லேகா சரி என்றாள். அவள் கணவன் அஜீஷ் பைக் விபத்தில் இறந்து மூன்று வருடமாகிறது. இன்று அவன் தம்பி அகிலேஷுக்குக் கல்யாணம். அண்ணன் மனைவியாக அந்த மேடையில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. கேட்காமலே கிடைக்கும் என்று நம்பியிருந்தாள், பாவம்.

நம்பியதிலும் தப்பில்லை. பாறசாலையில் அந்தத் தெருவுக்கே அது மாடர்ன் வீடு. மருமகள் பொட்டு வைக்கலாம், கலர் உடுக்கலாம், ஸ்கூட்டர் ஓட்டி தனுவச்சபுரத்துக்கு வேலைக்குப் போகலாம். சரோஜம் சொல்லும் மாடர்ன் அது. மாமனார் சோமனைக் கேட்டால் ரிமோட்டில் திறக்கும் கேட்டைக் காட்டுவார். அகிலேஷ் ஜாதகம் பார்க்காமல் கட்டுகிறான், அதனால் அவனும் மாடர்ன். ஜாதகத்தைத் தூக்கிப் போட்டவனுக்கு அம்மாவின் சகுனத்தை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

மேளம் உச்சத்துக்குப் போனபோது லேகா பந்தி ஹாலில் இலை துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

சாப்பாடு முடிந்து அகிலேஷ் தேடி வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

“மைனி சங்கடப்படண்டாம். குடும்ப போட்டோவுல ஜெனில் சேத்துருவான். இப்ப அதொண்ணும் பாத்தா தெரியாது.”

ஜெனில்தான் போட்டோக்காரன். லேகா தலையாட்டினாள்.

ஒரு மாதத்தில் ஆல்பம் வந்தது. பக்கத்து வீட்டு சாராம்மா பார்க்க வந்தாள். சரோஜம் முதலில் குடும்பப் படத்தைத்தான் விரித்துக் காட்டினாள். மேடையின் ஓரத்தில் புதுப்பெண் அஞ்சுவை அடுத்து லேகா சிரித்துக்கொண்டு நின்றாள். விதவை மருமகளை மேடையேற்ற எங்கள் கிறிஸ்தவர்கள் கூட்டத்திலும் யோசிப்பார்கள், நீ மாடர்ன்தான் என்று சாராம்மா மெச்சினாள். சரோஜம் மறுக்கவில்லை.

லேகா எட்டிப் பார்த்தாள். படத்தில் இருந்தது அன்று அவள் உடுத்தாத பச்சைப் புடவை. பூவார் கடற்கரையில் அஜீஷோடு எடுத்த படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். வெட்டியவனுக்கு அவசரம் போலிருக்கிறது. அவள் தோளில் நான்கு விரல்கள் அப்படியே கிடந்தன. மோதிர விரலில் பாதி நகம் இல்லை, அஜீஷ் வேலை பார்த்த வொர்க்‌ஷாப்பில் நசுங்கியது.

“இது யாருக்க கையி?” என்று சாராம்மா கேட்டாள்.

சரோஜம் குனிந்து பார்த்தாள். பெற்றவளுக்கு அந்த விரல் தெரியாமல் இருக்குமா. ஆல்பத்தை மூடப் போனாள். லேகா பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

“உங்க மூத்த மகனாக்கும் மாமி. செத்தவரு மேடையில நிக்காரு. நான்தான் நிக்கல்ல.”