நினைவு மலருக்கு ஒரு முகம்

என் மனைவி அன்ரனிட்டாவின் முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலிக்கு இன்னும் பதினொரு நாட்கள் இருந்தன. நினைவு மலரில் அவளுடைய வாழ்க்கைக் குறிப்பை நானே எழுதி முடித்திருந்தேன். ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்பவன் நான். என்றாலும் இருபது வருடமாகக் கோவிலில் வாசகம் வாசிப்பதால், பங்குச் சுவாமி வேறு எவரையும் எழுதச் சொல்லவில்லை. எல்லாம் ஆயத்தம். அட்டையில் போட அவளுடைய படம்தான் இல்லை.

செத்தவீட்டுக்கு வைத்த படம் மகள் நிலக்சனா கோவிலில் முதல்நன்மை வாங்கிய அன்று எடுத்தது. பதின்மூன்று வருடம் பழையது. மழைக்குப் பிறகு வந்த காய்ச்சலில் மூன்றே நாளில் போனபோது அன்ரனிட்டாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பெட்டிக்குள் கிடந்தவளையும் சுவரில் தொங்கியவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு பெண் மெதுவாக, "இது ஆரின்ரை படம்?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். எனக்குக் கேட்டது. மலரிலாவது அவள் இருந்தபடியே இருக்கவேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

நானும் நிலக்சனாவும் இரண்டு கைத்தொலைபேசிகளிலும் இருந்த நாலு வருடத்துப் படங்கள் எல்லாவற்றையும் பார்த்தோம். பெருநாள், கலியாணவீடு, மகளின் பிறந்தநாள், புது எஞ்சின் வாங்கிய நாள். ஒன்றிலும் அவள் இல்லை. ஒரு படத்தில் கதவுக்குப் பின்னால் அவளுடைய முழங்கை தெரிந்தது. இன்னொன்றில் குசினி அடுப்புப் பக்கம் திரும்பிப் போகும் முதுகு.

"அம்மாதானே அப்பா எல்லாம் எடுத்தவ," என்றாள் மகள்.

"நாலு வருஷமாவோ?"

"ஓம். உங்களுக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியாது. ஆனால் ஏன் என்று தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன் அவளுடைய அக்கா றீற்றா பிரான்சிலிருந்து பெருநாளுக்கு வந்திருந்தாள். அன்ரனிட்டாவைவிட நான்கு வயது மூத்தவள். கோவில் வாசலில் இருவரும் சேர்ந்து நின்றபோது, வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் அன்ரனிட்டாவைக் காட்டி றீற்றாவிடம், "இவ உங்கடை அம்மாவோ?" என்று கேட்டுவிட்டாள். றீற்றா ஏதோ சொல்லிச் சமாளித்தாள். அன்ரனிட்டா சிரித்தாள். அது அந்த வாசலோடு போயிருக்கும். அடுத்த நாள் காலை அதைக் கரைக்குக் கொண்டு போனவன் நான்.

எங்கள் கரையில் பட்டப்பெயர் இல்லாதவர் கிடையாது. ஒருமுறை வைத்தால் அது சாகும்வரை போகாது. இது தெரிந்தும், நாலு பேரைச் சிரிக்க வைக்கலாம் என்று சொன்னேன்.

"அப்ப றீற்றா உனக்கு மகள் முறையடா," என்றார் மரியநாயகம் அண்ணை. "பிரான்சிலை வளர்ந்த பிள்ளை இருக்கெண்டு எங்களுக்குச் சொல்லேல்லையே நீ!"

அன்று முதல் என் மனைவி கரையில் 'றீற்றாவின்ரை அம்மா' ஆனாள். அவள் பதினெட்டு வருடம் அந்த வெயிலில் குந்தியிருந்து என் வலையிலிருந்து நண்டு கழற்றியவள். "றீற்றாவின்ரை அம்மா, அந்தக் கூடையை இஞ்சாலை தள்ளும்," என்பார்கள். தள்ளுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். கோபமில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து றீற்றாவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பகலில் பூசும் வெயில் கிறீம், படுக்கப்போகும்போது பூசும் கிறீம், கண்ணுக்குக் கீழே தடவ விரல் அளவில் ஒரு குப்பி. உள்ளே இருந்த தாளில் எழுதியிருந்ததை மகள் கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்துத் தாய்க்கு வாசித்தாள்.

"வெயில் கிறீம் பூசாமல் மற்றதுகளைப் பூசிப் பிரியோசனம் இல்லையாம் அம்மா. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திரும்பப் பூசவேணும்."

"நண்டுக் கையோடை எப்பிடியடி பூசுறது?"

என்றாலும் பூசினாள். இரவுக் கிறீம் முதல் மாதம் கன்னத்தைச் சிவக்க வைத்துத் தோலை உரித்தது. அப்படித்தான் தொடங்கும், பொறுக்கவேண்டும் என்று தாளில் இருந்ததாம். "மீனுக்குச் செதில் எடுத்தமாதிரிக் கிடக்கு," என்றேன். "இஞ்சருங்கோ, ஆறு மாதத்திலை பாருங்கோ," என்றாள். அந்தக் குரலில் ஒரு ஆசை இருந்தது. அப்போது நான் அதைப் பார்க்கவில்லை.

ஒருநாள் வெயில் கிறீமைப் பூசிக்கொண்டு கரைக்கு வந்தாள். வெள்ளையாகத் திட்டுத்திட்டாக முகத்தில் நின்றது. நன்றாகத் தேய்க்கத் தெரியவில்லை போல.

"என்ன அக்கா, சுவருக்குச் சுண்ணாம்போ?" என்று ஒருவன் கேட்டான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருந்தாலே போதும்.

"பழைய சுவர்," என்றேன் நான். "ரெண்டு தரம் அடிக்கவேணும்."

அந்தச் சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அவள் கையால் முகத்தைத் துடைத்தாள். கையில் நண்டுத் தண்ணி. கண் எரிந்திருக்கும். எழும்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த நாள் வழக்கம்போல வந்து வலையருகில் குந்தினாள். தலையையும் முகத்தையும் துணியால் சுற்றியிருந்தாள். அதற்குப் பிறகு எங்கே படம் எடுத்தாலும், "நீங்கள் நில்லுங்கோ, நான் எடுக்கிறன்," என்று கைத்தொலைபேசியை வாங்கிக்கொண்டு எதிரே போய் நின்றிருக்கிறாள். ஆறு மாதம் கழித்து நான் பார்க்கவும் இல்லை. பார்க்கச் சொல்லி அவள் கேட்கவும் இல்லை.

படம் தேடுவதை விட்டுவிடலாம் என்று இருந்தபோது மாக்கிறேற் வந்தாள். கோவில் மாதர் சங்கத்தில் அன்ரனிட்டாவோடு இருந்தவள்.

"பெருநாள் மலருக்கெண்டு சங்கத்து ஆக்கள் எல்லாரும் படம் குடுத்தனாங்கள், அண்ணை. மலர் இன்னும் அச்சிலை. அன்ரனிட்டாவும் போன ஆவணியிலை ஸ்ரூடியோவிலை எடுத்தவ. தனியப் போய் எடுத்தவ."

அன்று மத்தியானமே ஸ்ரூடியோவுக்குப் போனேன். தர்சன் என்ற இளந்தாரி கணினியில் தேடி எடுத்து, திரையை என் பக்கம் திருப்பினான்.

அன்ரனிட்டாதான். நீல நிறச் சேலை, சின்னத் தோடு. ஆனால் நெற்றி வழவழப்பாக இருந்தது. கண்ணோரத்தில் வெயில் கீறிய கோடுகள் இல்லை. கன்னத்துக் கறுப்புப் புள்ளிகள் இல்லை.

"இது திருத்தினது," என்றேன். "முதல் எடுத்ததைக் காட்டும்."

"அது இல்லை அண்ணை. இதையே அதுக்கு மேலை சேவ் பண்ணிப் போட்டன். திருப்பி எடுக்க ஏலாது."

"ஏன் திருத்தினனீர்? ஆர் கேட்டது?"

அவனுக்கு என் குரல் பிடிக்கவில்லை. "அக்காதான் கேட்டவ. இந்தக் கதிரையிலை பக்கத்திலை இருந்து சொல்லச் சொல்லச் செய்தனான். முக்கால் மணித்தியாலம். 'கண்ணுக்குக் கீழை கொஞ்சம் எடும் தம்பி. முழுக்க எடுக்காதையும், எங்கடை வீட்டுக்காரர் பாத்தால் சிரிப்பார்' எண்டவ."

நான் அந்தக் கதிரையில் இருந்தேன். தர்சன் தண்ணீர் கொண்டுவந்து தந்தான். அவள் என் மனைவி, நாற்பத்திரண்டு வயதில் செத்துவிட்டாள் என்பதையும் நினைவு மலருக்குப் படம் தேடுவதையும் அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். அவன் கணினிப் பக்கம் திரும்பி, "அண்ணை, வயசு கூட்டுறதுக்கும் வழி இருக்கு. நாற்பத்திரண்டு எண்டு குடுத்தால் அதுவே கோடுகளைப் போடும்," என்றான்.

"போட்டுப் பாரும்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நெற்றியில் மூன்று கோடுகள் விழுந்தன. வாயின் இரண்டு பக்கமும் தோல் தொய்ந்தது. கண்ணுக்குக் கீழே பை விழுந்தது. நான் கிட்டக் குனிந்து பார்த்தேன். அவளுக்கு நெற்றியில் அவ்வளவு கோடு இருந்ததா? வலது கண்ணோரத்தில்தான் கூட இருந்தது என்று நினைத்தேன். இடது கண்ணோ? நினைத்து நினைத்துப் பார்த்தும் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். சரியா பிழையா என்று அவனுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"இப்பிடித்தானே இருந்தவ அண்ணை?"

"தெரியேல்லைத் தம்பி," என்றேன். "அதை அழியும்."

"அப்ப எதைப் போடுறது?"

"அவ சொல்லிச் செய்வித்ததைப் போடும்."

அவன் அழித்தான். நீலச் சேலையோடு அன்ரனிட்டா திரும்ப வந்தாள். வடிவாகத்தான் இருந்தாள். அதை அந்தப் பெடியனுக்குச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, அட்டைக்கு எந்த அளவில் வேண்டும் என்று கேட்டான்.