உள்ளங்காலில் பட்ட எண்ணெய்

என் வீட்டுக்காரர் ஞானதாஸ் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு வருஷமாக அவர் ஒழுங்காகத் தூங்கவில்லை. இடுப்பில் பிடித்து இடது கால் பெருவிரல் வரை சுண்டி இழுக்கும் வலி எனக்கு. யார் தோளையாவது பிடிக்காமல் நாலடி நடக்க முடியாது. ராத்திரியெல்லாம் காலைப் பிடித்துவிடும் வேலை அவருக்கு. பிடித்தால் "மெல்ல!" என்று கத்துவேன். விட்டால் "எங்கே போய்த் தொலைஞ்சீங்க?" என்று கத்துவேன். மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. வகுப்பில் நின்றபடியே தூங்கி விழுகிறார் என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த வலி என்னைக் கொல்லாது, அவரைத்தான் கொல்லும் என்று தோன்றியது.

ஒத்தடம், தைலம், கட்டு எல்லாம் பார்த்தாயிற்று. உலகச் சண்டையின்போது ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சுந்தரராமன் லஸ்ஸில் புது மாதிரி ஊசி போடுகிறார் என்றார்கள். போனோம். வால் எலும்புக்குப் பக்கத்தில் இருக்கும் துவாரம் வழியாக, நரம்புகளைச் சுற்றி மருந்தும் உப்புத்தண்ணீரும் ஏற்றுவார்களாம். என்னைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். ஊசியின் நீளத்தைப் பார்த்த ஞானதாஸ் "சேசுவே!" என்றார். அடுத்து பொத்தென்று ஒரு சத்தம். குத்து எனக்கு, மயக்கம் அவருக்கு!

நர்ஸ் அவரை வராந்தாவுக்கு இழுத்துப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் டாக்டர் என்னிடம் சொன்னார். "கால் கொஞ்ச நேரம் மரக்கட்டையாட்டம் இருக்கும்மா. சாயங்காலத்துக்குள்ள உணர்ச்சி வந்துடும். தூக்கம் வந்தா நன்னாத் தூங்குங்கோ."

ஜட்காவில் தூக்கி ஏற்றும்போதே எனக்குக் கண் சொருகிவிட்டது. சாந்தோம் வீட்டில் எப்படி இறக்கிப் படுக்கவைத்தார்கள் என்பதுகூட ஞாபகமில்லை.

மற்றதெல்லாம் பிறகு கேட்டு அறிந்தது. மத்தியானம் வரை வீட்டில் என் சத்தமே இல்லை. இவர் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், பதில் இல்லை. விரல் பட்டாலே நான் அலறுகிற காலைத் தொட்டிருக்கிறார், பிறகு கிள்ளியிருக்கிறார். நான் அசையவில்லை. அவ்வளவுதான், ஓடிவிட்டார். டாக்டரிடம் அல்ல, பங்குச் சாமியாரிடம்! சாகப்போகிறவர்களுக்குச் செய்யும் அவஸ்தைப்பூசுதல் கிடைக்காமல் உயிர் போய்விடுமோ என்பதுதான் எங்கள் ஜனங்களுக்குச் சாவைவிடப் பெரிய பயம்.

சாமியார் லத்தீனில் ஜெபம் சொல்லி என் கண்ணில் எண்ணெய் பூசினார், காதில் பூசினார், மூக்கில், வாயில் பூசினார். வாய்க்குக் கொஞ்சம் தாராளமாகவே பூசினாராம், தேவைதான். கைகளிலும் பூசினார். நான் தூங்கிக்கொண்டே இருந்தேன். கடைசியாகப் பாதம். இடது உள்ளங்காலில் சில்லென்று எண்ணெய் பட்டதும் விழிப்பு வந்தது.

கண்ணைத் திறந்தால் நெஞ்சின்மேல் சிலுவை, தலைமாட்டில் மெழுகுவர்த்தி. தெரு ஜனங்களில் பாதிப் பேர் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்று மன்றாட்டுமாலை சொல்லி அழுகிறார்கள். நான் என்றைக்காவது வாயில் வந்தபடி திட்டாத ஒருத்தர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை.

"இங்க யாரு செத்தது?" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

சாமியார் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. ஞானதாஸ் மட்டும் என் காலையே பார்த்தார். "ஐரின்... சாமி காலைப் பிடிச்சாரே. வலிக்கலையா?"

அப்போதுதான் வலியைத் தேடிப் பார்த்தேன். காணோம். "இல்லீங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"மரியே வாழ்க" என்று அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். உதட்டில் விரலை வைத்துக் காட்டியே கூட்டத்தை வெளியே அனுப்பினேன். சாமியார்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். இவருடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டே டாக்டரையும் மாதாவையும் மாறி மாறி வாழ்த்தினேன். அந்த டாக்டர் கை நன்றாக இருக்கட்டும்!

திடீரென்று வாசலில் ஒரு ஓலம். பின் தெரு நஸ்ருன்னிசாவுக்கு அப்போதுதான் சேதி போயிருக்கிறது. "யா அல்லா! வாத்தியாரம்மா பூட்டாங்களா!"

எனக்கு வந்ததே கோபம்! ஒரு வருஷத்துத் தூக்கம், அதைக் கலைப்பதா? பாய்ந்து போய் வாசலில் அவள் வாயைப் பொத்தினேன். "கத்தாதடி! அவரு தூங்குறாரு!"

அவள் என் கையை மெல்ல விலக்கினாள். என் காலைப் பார்த்தாள். "இன்னாம்மா, ஓடியாந்தீங்க!" என்று கிசுகிசுத்தாள்.

திரும்பிப் பார்த்தேன். கட்டிலிலிருந்து வாசல் வரை யார் தோளையும் பிடிக்காமல் வந்திருக்கிறேன். அவளைக் கட்டிக்கொண்டு, உள்ளே சத்தம் கேட்காமல் அழுதேன்.