அடிக்கறாரு

முனிகிருஷ்ணனுக்கு ஜபல்பூரில் மனைவியோடு தங்க குவாட்டர்ஸ் கிடைத்தது. சத்தியவேட்டை ஒட்டிய அந்தக் கிராமத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களில் அவனுக்குத்தான் முதலில் கிடைத்தது. சுலோசனாவைப் பார்க்கிற பெண்கள் எல்லோரும், "ராணி மாதிரி ரயிலேறப் போற" என்றார்கள்.

பக்கத்து வீட்டுச் செங்கம்மா மட்டும் சொல்லவில்லை. லீவில் வரும்போதெல்லாம் முனிகிருஷ்ணன் பெல்ட்டைக் கழற்றுவான். சுலோசனா கத்தினால் செங்கம்மா வந்து கதவைத் தட்டுவாள். "ஏம்ப்பா முனி, சண்டை போட சீனாக்காரன் ஒருத்தனும் கிடைக்கலியா? இவதான் கிடைச்சாளா?" தெரு சிரிக்கும். அவன் கை நின்றுவிடும்.

ஜபல்பூரில் யார் தட்டுவார்கள்? சுலோசனா அந்த இடத்தைக் கற்பனை செய்து பார்த்தாள். வரிசையாக ஒரே மாதிரி கதவுகள். உள்ளே இவள் கத்துகிறாள். அடுத்த வீட்டுப் பெண் ரொட்டிக்கு மாவு பிசைந்தபடி, மதராஸிக்காரி ஏதோ பாட்டுப் பாடுகிறாள் என்று நினைத்துக்கொள்கிறாள்.

குவாட்டர்ஸுக்குப் போகும் முன்பு ராணுவ அதிகாரி ஒருவர் சிப்பாயின் மனைவியை நேரில் பார்த்து, வரச் சம்மதமா என்று கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். போன வருஷமாக இருந்தால் செங்கல்பட்டில் தமிழிலேயே கேட்டிருப்பார்கள். இப்போது எல்லை மாறி ஊர் ஆந்திராவுக்குப் போய்விட்டது. சித்தூருக்குப் பஸ் ஏறினார்கள்.

"கேட்டா தலையாட்டு, போதும். நான் பேசிக்கிறேன்" என்றான் முனிகிருஷ்ணன்.

அதிகாரி குண்டூர்ப் பக்கத்துக்காரர், வயதான சுபேதார். பெரிய மீசை. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சுலோசனாவுக்குத் தெலுங்கு காதுக்குப் பழகியிருந்தது, நாக்குக்குப் பழகவில்லை. அவர் கேட்டது புரிந்தது. சம்மதமா, அம்மா?

அவள் தலையாட்டவில்லை. "அடிக்கறாரு சார்" என்றாள்.

சுபேதாரின் முகம் மலர்ந்தது. "அடிகாரா?" தெலுங்கில் அதற்குக் 'கேட்டாரா' என்று அர்த்தம்.

முனிகிருஷ்ணனும் உடனே சிரித்தான். "அவுனு சார். ரம்மனி அடுகுதுன்னா." ஆமாம் சார், வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன் என்றான்.

புருஷன் இத்தனை ஆசையாகக் கேட்டால் போக வேண்டியதுதானே என்று சொல்லிக்கொண்டே சுபேதார் பேனாவைத் திறந்தார்.

அடிப்பதைச் சொல்ல வேறு சொல் தேடினாள் சுலோசனா. தெலுங்கில் அதற்கு என்ன சொல்? ஊரில் ரெட்டி வீட்டுக்காரி தன் பிள்ளைகளை விரட்டும்போது கத்துவாளே. "கொடதா!" அடிப்பேன்! எதிர்த்துப் பேசினால், "நைனா ஒஸ்தே கொடதாடு!" அப்பா வந்தால் அடிப்பான்.

"கொடதாடு" என்றாள் சுலோசனா. முதுகைத் தொட்டுக் காட்டினாள். "பெல்ட்டு. கொடதாடு சார்."

பேனா நின்றது.

முனிகிருஷ்ணன் அவள் பக்கம் திரும்பினான். அவனைச் சுட்டது வேறு. அவன் மனைவி அவனை ஒருநாளும் 'அவன்' என்று சொன்னதில்லை. 'கொடதாரு' என்றால் மரியாதை. இவள் சொன்னது 'டு'. பொடிப்பயலைச் சொல்கிற 'டு'.

"யாருடி 'டு'? ஆபீசர் முன்னாடி என்னப் போய் 'டு'ன்றியா?"

அவன் கை தோளுக்கு மேலே போய்விட்டது.

"சாவ்தான்!"

சுபேதார் எழுந்து நின்றிருந்தார். 'அட்டென்ஷன்' என்கிற அந்தப் பரேடு உத்தரவு கேட்டதும் முனிகிருஷ்ணனின் கை விலாவோடு ஒட்டியது. குதிகால்கள் சேர்ந்தன. பார்வை நேரே சுவரில் நின்றது. அந்த நிலையில் அவனைச் சுலோசனா பார்த்ததே இல்லை. சொல்லுக்கு அடங்குகிறவன்தான், நாம் சொல்லும் சொல்லுக்கு இல்லை என்று நினைத்தாள்.

"போதாவா அம்மா?" என்று சுபேதார் மறுபடி கேட்டார். போகிறாயா என்பது புரிந்தது. அவள் இல்லையென்று தலையசைத்தாள். அவர் காகிதத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு, பியூனைக் கூப்பிட்டு அவளைப் பஸ் ஸ்டாண்டில் விடச் சொன்னார். அவனை இருக்கச் சொன்னார்.

பஸ் புறப்படும் நேரத்தில் அவன் மூச்சிரைக்க ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தான்.

"இறங்குடி. ஊர்ல கேட்டா என்னான்னு சொல்றது?"

"குவாட்டர்ஸ் கிடைக்கலன்னு சொல்லுங்க."

"நீ எங்க போய்க்கினு இருக்கே?"

"திருப்பதியில இருக்கிற எங்க பொன்னியம்மா அக்கா வீட்டுக்கு. உங்க லீவு முடியட்டும்."

"லீவுன்னு ஒண்ணு அடுத்த வருஷமும் வரும்" என்றான் அவன்.

அவளுக்கும் அது தெரியும். கண்டக்டர் வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, திருப்பதிக்கு ஒரு டிக்கெட் கேட்டாள்.