யோகலட்சுமியின் வலக்கால் பெருவிரல்

1

இந்தக் கதை ஒரு கல்யாண வீடியோக்காரரால் வந்த வினை. 1987இல் ஜார்ஜ் டவுன் கோயில் மண்டபம் ஒன்றில் மாணவர் பேச்சுப் போட்டி. படம்பிடிக்க வந்த சுலைமான் அண்ணன் அதுவரை கல்யாணம் தவிர வேறெதையும் எடுத்ததில்லை. பழக்கதோஷம், பேசிய பெண்ணையும் மணப்பெண் மாதிரியே எடுத்துவிட்டார்: காது, கை, வளையல், பிறகு வெகுநேரம் வெறுங்கால்.*

2

தொடக்கம் ஒன்று: மேடையில் யோகலட்சுமி ஒரு சுடரைப் போல... (ஐயோ, வேண்டாம்.)

தொடக்கம் இரண்டு: பாயான் பாரு வட்டாரத்து வீட்டில், அந்த வீடியோ ஓடிய டிவி முன்னால், பதினேழு வயது யோகலட்சுமிக்கு முகம் செத்துவிட்டது. முதல் பரிசு வாங்கிய பேச்சு அது. திரையிலோ அவளுடைய வலக்கால் பெருவிரல் இடக்காலைச் சொறிந்துகொண்டே இருந்தது.

"அம்மா, இது நானா?"

"நீதான்லா. சின்னதுலேர்ந்து அப்படித்தானே நிப்ப," என்றார் பத்மாவதி, துணி மடித்துக்கொண்டே.

"ஏன் சொல்லல?"

"பேச்சு நல்லா இருந்துச்சு. கால யாரு பார்த்தா?"

"இப்ப நான் பார்த்துட்டேனே!"

சனிக்கிழமை மாநில இறுதிச் சுற்று. போகவே மாட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

3

(இவளை எப்படி வெளியே கொண்டுவருவது? நல்லாசிரியர் ஒருவரை அனுப்பலாம். அறிவுரை சொல்வார். சீ, எனக்கே கொட்டாவி வருகிறது.)

மாற்று: கண்ணாடி முன்னால் அசையாமல் நிற்கப் பழகிப் பழகி, பேச்சையே மறந்து... (பாவம், விட்டுவிடுவோம்.)

4

கதவை அவளே திறந்தாள். நேரே என்னிடம் வந்தாள்.

"சுலைமான் அண்ணனாச்சும் பரவால்ல, காது கையையும் எடுத்தாரு. நீங்க தலைப்புலேயே கால வச்சிட்டீங்க. நான் என்ன பேசினேன்னு ஒரு வரி எழுதினீங்களா?"

திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நானும்தான் கேக்கல. டிவி சத்தத்த அடைச்சிட்டுத்தான் பார்த்தேன்."

5

சனிக்கிழமை வந்தாளா? வந்துவிட்டாள்; எனக்கு அவ்வளவு கல்நெஞ்சம் இல்லை. மைக் முன்னால் நிற்கிறாள். சுலைமான் அண்ணன் கேமராவை உங்கள் தோளில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார். கீழே பெருவிரல் மெல்லக் கிளம்புகிறது. மேலே அவள் வாயைத் திறக்கிறாள்.

நான் பேனாவை மூடிவிட்டேன். இந்தத் தடவை அவள் பேச்சைக் கேட்க வேண்டும். நீங்கள் கேமராவை எங்கே திருப்பப்போகிறீர்கள்?

———
* முகத்தைச் சுற்றி ரோஜாப்பூ வைத்த இதயச் சட்டம்கூடப் போட்டிருந்தார். அதையும் எழுதினால் யோகலட்சுமி என்னைச் சும்மா விடமாட்டாள்.