தண்ணீர் பழகும்வரை

கனகலட்சுமி டீ வடிகட்டியால் தொட்டியிலிருந்து செத்த மீன்களை அள்ளிக்கொண்டிருந்தபோது கணவன் இசக்கிதுரை நைட் ஷிப்ட் முடிந்து வந்தான். கட்டைவிரல் பருமனில் ஆரஞ்சு நிறத் தங்கமீன்கள். முந்தாநாள் சாயங்காலம்தான் பாலிதீன் பையில் தண்ணீரோடு கட்டிக்கொண்டு வந்தவை. ஒன்று மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு மற்றவற்றைச் செய்தித்தாளில் வைத்து மடித்தாள். கம்பெனி பஸ் வருகிற நேரம். ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டியிருந்தாள், தலை மட்டும் இன்னும் பின்னவில்லை.

“பிள்ள எந்திரிக்கதுக்குள்ள எடுத்துருவம்னு பாத்தேன். நேத்தே தண்ணி கஞ்சித்தண்ணி மாதிரி வெளுத்துட்டு. நாந்தான் ஒங்ககிட்ட சொல்லல.”

“நீ கெளம்பு. பஸ் போயிரும்.”

“அவ மீன் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவிய?”

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த மகள் சுகப்பிரியா கேட்க மாட்டாள். நாலு வயது முடிந்துவிட்டது, இன்றுவரை அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இசக்கிதுரை அவள் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். அவள் தலையைக் கொண்டையாக முடிந்துகொண்டு படியிறங்கினாள்.

இருவருக்கும் சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். அவனுக்கு ஒரகடத்தில் காருக்குக் கதவு அடிக்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் வேலை. அவளுக்கு வயர்களைக் கட்டுக்கட்டாகப் பின்னி அனுப்புகிற இன்னொரு கம்பெனியில் பகல் ஷிப்ட். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது என்பதால் அவன் சூப்பர்வைசரிடம் கேட்டு நிரந்தரமாக நைட் வாங்கிக்கொண்டான். அவன் வரும்போது அவள் புறப்படுவாள், அவள் வரும்போது அவன் புறப்படுவான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பேசுகிற பேச்சுதான் குடும்பம். சாப்பிட்டாள், தூங்கவில்லை, சுவரில் தலையை இடித்தாள், மருந்து கொடுத்தாயிற்று. லைனில் ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் மெஷினைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவார்களே, அதேபோல. அப்படிச் சொல்லிவிட்டுப் போகிற தன் குரலைக் கேட்டு கனகலட்சுமிக்குச் சில நாள் பஸ்ஸில் அழுகை வரும். பக்கத்து சீட்டுப் பெண் தூங்கிவிட்டாளா என்று பார்த்துக்கொண்டு அழுவாள்.

தொட்டி வந்தது மறைமலை நகர் பயிற்சி மையத்தால். பேசாத பிள்ளைகளுக்கான இடம் அது. சனிக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு போவார்கள். ஓர் இடத்தில் நிற்காத குழந்தை, பஸ்ஸில் இறங்கிய நொடியில் கையை உதறிவிட்டு ஓடுகிற குழந்தை, அந்த வரவேற்பறையில் இருந்த மீன்தொட்டியின் முன்னால் அசையாமல் நின்றாள். கூப்பிடும்வரை நின்றாள். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். திரும்பி வருகிற பஸ்ஸில் கணவனும் மனைவியும் அதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. மறுநாளே படப்பை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடையில் வேலைக்கு நின்ற பையனிடம் தொட்டி, கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, ஸ்பாஞ்சு வைத்த மோட்டார், மீன் எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கி ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

மீன் செத்த அன்று இசக்கிதுரை நைட்டுக்கு லீவு சொல்லிவிட்டான். சாயங்காலம் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மறுபடி அந்தக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் தணிகாசலம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இன்னா சார் நீங்க, தொட்டி வாங்கினு போன அன்னிக்கே மீன வுட்டுட்டீங்களா? புதுத் தண்ணி சார் அது. மீனு போடுற கழிவே அதுக்கு விஷம். அத்த தின்றதுக்குன்னு ஒரு நல்ல கிருமி கீது, கண்ணுக்குத் தெரியாது. அது வந்து அந்த ஸ்பாஞ்சுல குடியேறணும். அதுக்கப்புறம்தான் மீனு.”

“அதுக்கு என்ன செய்யணும்?” என்றாள் கனகலட்சுமி.

“ஒண்ணியும் செய்யாதீங்க. மோட்டார மட்டும் ஓட வுடுங்க. தெனம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க, அது அழுகி கிருமி வளரும். ஒரு மாசம் தண்ணி பழகட்டும். நம்ம ஏரியா போர் தண்ணி உப்பு, அதுக்குத் தங்கமீன் வாணாம். மோலியும் கப்பியும் நிக்கும், நான் தரேன்.”

மிஞ்சியிருந்த ஒரு மீனும் செத்துப்போக, அந்த ஒரு மாதம் மீனில்லாமல் தொட்டி ஓடியது. ஸ்பாஞ்சிலிருந்து குமிழிகள் புறப்பட்டு, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலேறி, மேலே வந்ததும் இல்லாமல் போயின. சுகப்பிரியா காலையில் எழுந்ததும் அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். சுவரில் தலை இடிப்பது குறைந்தது. சோற்றை அங்கேயே கொண்டுபோய் ஊட்டினால் வாயைத் திறந்தாள்.

“எப்படிக் காத்துக்கிட்டு இருக்கா பாத்தியளா,” என்றாள் கனகலட்சுமி. “மீன் வரும்னு தெரிஞ்சிருக்கு.”

இசக்கிதுரை ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

பிறகு மீன்கள் வந்தன. கரிய மோலிகள், வாலை விசிறிபோல விரித்த கப்பிகள். இம்முறை தணிகாசலம் சொன்னபடியே பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, கடைசியில் திறந்துவிட்டார்கள். ஒன்றும் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இசக்கிதுரை டியூபைப் போட்டுக் கால்பங்கு தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டு, முதல் நாளே பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றுவான். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் கிருமி செத்துவிடும் என்று, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து மாட்டுவான். கண்ணாடியில் படியும் வெள்ளை உப்புக்கறையைப் பழைய பனியனால் தேய்ப்பான். வாசல் பேச்சில் இப்போது தொட்டியும் சேர்ந்துகொண்டது. பெரிய மோலி சரியாகத் தின்னவில்லை என்பாள் அவள். வயிறு பெருத்திருக்கு பாத்தியா, சினையா இருக்கும் என்பான் அவன். இருவரும் ஒரு நிமிடம் கூடுதலாக வாசலில் நிற்பார்கள்.

வேலை முடிந்து வந்ததும் கனகலட்சுமி செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகத் தொட்டிக்குத்தான் போவாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்க்கிற திசையில் தானும் பார்ப்பாள். இன்றைக்குச் சொல்லுவாள், நாளைக்குச் சொல்லுவாள் என்று இருந்தது. அம்மா என்றுகூட வேண்டாம். மீன் என்று ஒரு சொல் வந்தால் போதும். ஒரு பொருளைப் பார்த்து அதற்கொரு பெயர் உண்டு என்று இந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், திரையில் ஓர் ஓட்டை விழுந்ததுபோல, அதை விரலால் கிழித்துப் பெரிதாக்கித் தானும் உள்ளே நுழைந்துவிடலாம் என்று நினைத்தாள். லைனில் வயர்களைப் பின்னிக்கொண்டே அந்தச் சொல்லைச் சுகப்பிரியாவின் குரலில் கேட்டுப் பார்ப்பாள். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாததால் ஒவ்வொரு நாளும் வேறுவேறு குரலாக இருக்கும்.

மோலி குட்டி போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. செடிக்குள்ளே எள் எள்ளாக, கண்ணும் வாலும் மட்டுமாக நடுங்கிக்கொண்டிருந்த குட்டிகளை முதலில் பார்த்தது கனகலட்சுமிதான். கத்திக்கொண்டே மகளின் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்தாள். “இந்தா பாரு தங்கம், குட்டி மீனு. மீ… மீன். சொல்லுட்டி.” விரல் துணிபோல் தொங்கியது. கனகலட்சுமி தொட்டிக்கும் மகளுக்கும் நடுவே தன் முகத்தைக் கொண்டுவந்தாள். “அம்மா வாயப் பாரு. மீன்.”

சுகப்பிரியா கையைத் தூக்கி அம்மாவின் கன்னத்தில் வைத்தாள். அந்தச் சின்னக் கை கன்னத்தை மெல்ல அழுத்தி, முகத்தை ஓர் ஓரத்துக்குத் தள்ளியது. ஜன்னல் திரையை ஒதுக்குவதுபோல. ஒதுக்கிவிட்டு மறுபடி தொட்டியைப் பார்த்தது பிள்ளை.

“விடு கனகு,” என்றான் இசக்கிதுரை.

கார்த்திகைக் கடைசியில் புயல் வந்தது. ஒரகடம் ரோடு முழுக்கத் தண்ணீர், எந்தக் கம்பெனி பஸ்ஸும் ஓடவில்லை. கரண்ட் போனதும் மோட்டார் நின்றது. மூன்று பேரும் பகலெல்லாம் ஒன்றாக வீட்டில் இருந்தது வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான். சுகப்பிரியா நின்றுபோன தொட்டியின் முன்னால் உட்கார்ந்து அலறினாள். மீன்கள் மேலே வந்து தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே வாயை வைத்துக்கொண்டு நின்றன. இசக்கிதுரை இடுப்பளவுத் தண்ணீரில் தணிகாசலத்தின் கடைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பேட்டரியில் ஓடுகிற மோட்டார் இருந்தால் வாங்கலாம் என்று. ஷட்டரில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது.

கீழ்வீட்டுக்காரி கோவிந்தம்மா மாடிப்படியில் பாயும் பாத்திரமுமாக உட்கார்ந்திருந்தாள். “கரண்டு இப்ப வராதும்மா. டிரான்ஸ்பார்மரே தண்ணிக்குள்ள கீது. குழந்தைய இன்னாத்துக்கு இப்டி அழவுடுற?”

இசக்கிதுரை ஒரு சொம்பை எடுத்தான். தொட்டித் தண்ணீரை மொண்டு, கையை உயர்த்தி, உயரத்திலிருந்து திரும்பவும் தொட்டியிலேயே ஊற்றினான். காற்று கலக்க வேறு வழி தெரியவில்லை. தண்ணீர் விழுந்த இடத்தில் குமிழிகள் கொத்தாகக் கீழே போய்ச் சிதறி மேலே வந்தன. அலறல் நின்றது. அவன் கை சோர்ந்ததும் கனகலட்சுமி வாங்கிக்கொண்டாள். இப்படியே மாற்றி மாற்றி ஊற்றினார்கள். அன்றைக்கும் மறுநாளும். ஒருவர் ஊற்றும்போது மற்றவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் கனகலட்சுமி ஸ்டூல்மேல் ஏறி நின்று ஊற்றியபோது சுகப்பிரியா சிரித்தாள். சத்தமாக, தொண்டையிலிருந்து. இசக்கிதுரை திடுக்கிட்டு எழுந்தான். கனகலட்சுமி இன்னும் உயரத்திலிருந்து ஊற்றினாள். பிள்ளை இன்னும் சிரித்தது. கனகலட்சுமியும் சிரித்தாள், நைட்டி முழுக்க நனைந்துபோயிருந்தது. அவனும் சிரித்தான். “ஊத்து, ஊத்து,” என்றான். மகளின் முகத்தை நன்றாகப் பார்ப்பதற்காக ஸ்டூலில் நின்றபடியே குனிந்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். பெரிய மோலி வயிற்றை மேலே காட்டிக்கொண்டு சரியாகப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் முட்டி, திரும்பி, மெல்லப் போயிற்று. சுகப்பிரியாவின் கண்கள் அதன்மீது ஒரு கணம்கூட நிற்கவில்லை. அதற்கு அப்பால், குமிழிகள் உடைகிற இடத்தில் இருந்தன. கப்பிகளும் ஒவ்வொன்றாக அவள் முன்னால் செத்துக்கொண்டிருந்தன. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கனகலட்சுமி ஸ்டூலிலிருந்து இறங்கி, சொம்பைக் கணவனிடம் கொடுத்தாள்.

கரண்ட் வந்தபோது தொட்டியில் உயிரோடு எதுவும் இல்லை. இசக்கிதுரை எல்லாவற்றையும் எடுத்து, கல்லைக் கிளறி, குட்டிகளைத் தேடிப் பார்த்துவிட்டு மோட்டாரைப் போட்டான். ஸ்பாஞ்சிலிருந்து குமிழிகள் புறப்பட்டன. சுகப்பிரியா வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். எந்த வித்தியாசமும் இல்லை. அதே முகம், அதே லேசாகத் திறந்த வாய்.

“இவ மீனப் பாக்கவே இல்ல,” என்றாள் கனகலட்சுமி.

அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“மீனு இல்லாம சும்மா ஓடிச்சில்லா, அப்பவே. பகல் பூரா நாந்தான அவ கூட இருக்கேன்.”

“பொறவு ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீ வந்ததும் செருப்பக்கூடக் கழட்டாம அங்கதான் போவ,” என்றான். “சொல்ல வாய் வரல கனகு.”

அவள் அடுக்களைக்குப் போய் அரிசியைக் களைந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. இத்தனை மாதமும் அவள் மகளோடு சேர்ந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். பேசாவிட்டாலும், ஒரே பொருளை இரண்டு பேர் பார்ப்பது எவ்வளவு பெரிய துணை என்று பஸ்ஸில் நினைத்துக்கொள்வாள். பிள்ளை பார்த்ததெல்லாம் காற்றை. பெயர் வைப்பதற்குள் உடைந்துபோகிற ஒன்றை. அதைக் காட்டி என்ன சொல் கற்றுக்கொடுப்பது? நான்காவது தடவையாகவும் அரிசியைக் களைந்தாள். தண்ணீர் தெளிந்தே இருந்தது.

ஷிப்டுகள் பழையபடி தொடங்கின. வாசலில் பேச்சு மறுபடி குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கிக்கொண்டு கனகலட்சுமி பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது தணிகாசலம் சேறு படிந்த தொட்டிகளை வெளியே வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். “புது மோலி வந்துகீதும்மா. பாப்பாவுக்கு வாங்கினு போங்க,” என்றார். “பொறவு வாரோம்ணே,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டில் இசக்கிதுரை தொட்டியின் முன்னால் குந்தியிருந்தான். பக்கத்தில் முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீர் பக்கெட். அதில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தான். மீனில்லாத தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வேண்டியதில்லை. அது அவனுக்கும் தெரியும். கனகலட்சுமி பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் டியூபின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். தண்ணீர் வந்ததும் அவள் கையை நீட்டி அந்த முனையை வாங்கி, காலிப் பக்கெட்டுக்குள் பிடித்துக்கொண்டாள்.

தொட்டியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. குமிழிகள் ஏற வேண்டிய தூரம் குறைந்துகொண்டே வந்தது. சுகப்பிரியா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இறங்க இறங்க, அவள் கண்கள் மட்டும் அதோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தன.